மாக்கட்டி மறந்துபோச்சு, மாத்திரை ஞாபகமிருக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் முழுதாக வாசியுங்கள். பாதியில் நிறுத்துவதென்றால் ஷெயார் பண்ணாமல் நிறுத்துங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது வாசித்தால் விளங்கும்.

போன கிழமை தரம் 10 வகுப்பில் "வதந்தி" என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். எழுத முதல், உங்களுக்குத் தெரிந்த வதந்தி ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கடைசி வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "சேர், அம்பாறைல சாப்பாட்டுக் கடைல மாத்திரை போட்ட பிரச்சினை" என்றான். "போட்டதா? போட்டதாச் சொன்னதா?" என்று கேட்டேன். பிள்ளை கொஞ்சம் யோசித்தான். பிறகு மெல்லிய குரலில் என்னிடமே கேட்டான்: "சேர், அப்பிடி மாத்திரை ஒண்டு உண்மையாவே இரிக்கா?"

இறக்காமத்துப் பிள்ளை. பாங்குச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை. அந்தக் கடைக்காரரின் சமூகத்துப் பிள்ளை. அவனுக்கே சந்தேகம்.

அரச பகுப்பாய்வாளர் என்ன அறிக்கை கொடுத்தார் என்று தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். ஒரு கை கூட உயரவில்லை. மாத்திரைக் கதை தெரிந்தவர்கள் என்றேன். முழு வகுப்பும் கை உயர்த்தியது. சம்பவம் நடந்தபோது இவர்கள் சின்னப் பிள்ளைகள்.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லி வைக்கிறேன். 2018 பெப்ரவரி 26 இரவு, எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் அம்பாறை நகரில், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட வந்தவர் தன் சாப்பாட்டில் ஏதோ கட்டி கிடப்பதாகச் சத்தம் போட்டார். அது சிங்களவர்களை மலடாக்கும் "வந்த பெத்தி" என்றார்கள். சூழ்ந்து நின்றவர்கள் கடையில் இருந்தவரை மிரட்டிக் கேட்டார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத அந்த மனிதர், கேட்ட கேள்வி என்னவென்றே விளங்காமல் ஆமென்றார். அதை வீடியோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். கடை உடைந்தது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. வாகனங்கள் எரிந்தன. அடுத்த வாரம் திகன, தெல்தெனிய என்று கண்டி மாவட்டமே பற்றியது. மார்ச் 6 நாட்டில் அவசரகாலச் சட்டம். மார்ச் 7 பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன.

அந்தக் கட்டி சோதனைக்குப் போனது. மலட்டு மருந்து எதுவும் இல்லை, அது மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. சாப்பாட்டில் கலந்து ஓர் ஆளைக் காலம் முழுக்க மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்குமே இல்லை என்று வைத்தியர்களும் சொன்னார்கள்.

மாத்திரையும் ஒரு செய்தி. மாக்கட்டியும் ஒரு செய்தி. இரண்டும் ஒரே போனில்தான் வந்தன. முதலாவது ஏன் நின்றது, இரண்டாவது ஏன் நிற்கவில்லை? "பொய்க்குக் கால் பெரிசு சேர்" என்று சொல்லி ஆசிரியர் அறையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போகலாம். எனக்கு அந்தப் பதில் போதாது. நாம் வாசிக்கிற இந்தப் பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ அப்படித்தான் நமது கோபமும் கட்டப்படுகிறது, நமது ஞாபகமும் கட்டப்படுகிறது. இதுதான் என் வாதம். இதை மறுக்கிறவர்கள் பலர். அவர்களோடுதான் இன்றைக்குப் பேச்சு.

கணினி படித்த தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: "சேர், டிசைன் என்கிறது சட்டை மாதிரி. உள்ள இருக்கிற ஆள்தான் முக்கியம்." சரி தம்பி, காக்கிச் சட்டை போட்ட ஒருவரும் சாரம் உடுத்த ஒருவரும் வீட்டு வாசலில் வந்து ஒரே வசனத்தைச் சொன்னால் உங்களுக்கு நெஞ்சு ஒரே மாதிரியா அடிக்கும்?

எழுத்தின் உருவம் ஞாபகத்தோடு எவ்வளவு பின்னியிருக்கிறது என்பதை உலகத்துக்கே சொல்லிக் கொடுக்கக் கூடியவர்கள் நாம். ஹிப்ழ் மத்ரஸாவில் உஸ்தாத் பிள்ளைக்கு முதலில் சொல்லும் புத்திமதி என்ன? ஒரே முஸ்ஹபில் ஓது, முஸ்ஹபை மாற்றாதே. ஏன்? எழுத்து எல்லா முஸ்ஹபிலும் அதே எழுத்துத்தானே! ஆனால் ஹாபிழ் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஆயத்து வலப்பக்கத்தில் கீழிருந்து மூன்றாவது வரியில் தொடங்கும் என்பார். ஓதும்போது பக்கமே கண்ணுக்குள் வருகிறது. மதீனா முஸ்ஹபில் பக்கத்துக்கு 15 வரி, மொத்தம் 604 பக்கம், ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்து முடியும் இடத்தில் முடியும். ஞாபகத்துக்கு உதவும் பக்க அமைப்பு என்றால் அதுதான்.

இது மார்க்கக்காரர்களின் நம்பிக்கை மட்டுமல்ல. 1971இல் ரொத்கொப் என்ற உளவியலாளர், வாசித்த விசயம் பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதை வாசகர்கள் தங்களை அறியாமலே நினைவில் வைக்கிறார்கள் என்று காட்டினார். 2018இல் டெல்காடோ குழுவினர் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அறிவுக்காக வாசிக்கும் எழுத்தைத் திரையில் வாசித்தவர்களை விடத் தாளில் வாசித்தவர்கள் கூடுதலாக விளங்கிக்கொண்டார்கள். அவசரமாக வாசிக்கும்போது வித்தியாசம் இன்னும் பெரிது.

இப்போது இந்தப் பேஸ்புக்கைப் பாருங்கள். இதற்குப் பக்கம் இருக்கிறதா? மேல் இருக்கிறது, அடி இல்லை. பெருவிரலை வைத்துத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். 2006இல் இந்த முடிவில்லாத் திரையை வடிவமைத்த அசா ரஸ்கின், அதற்காகப் பிறகு பகிரங்கமாக வருத்தப்பட்டார். காலையில் ஓரிடத்தில் கண்ட பதிவு பின்னேரம் அந்த இடத்தில் இல்லை. எந்த எழுத்துக்கும் நிரந்தரமான மூலையில்லை. மூலை இல்லாத வீட்டில் வைத்த சாமானை எங்கே தேடுவது?

அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கைக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி, எவனோ கள்ளப் பெயரில் எழுதிய அவதூறுக்கும் அதே வெள்ளைப் பெட்டி, மௌத்துச் செய்திக்கும் அதே பெட்டி, மச்சானின் பிறந்தநாள் கேக்குக்கும் அதே பெட்டி. எழுத்து ஒரே அளவு, ஒரே நிறம். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதில் நேரமும் மூலமும் ஆகச் சிறிய சாம்பல் எழுத்தில். படம் மட்டும் கண்ணை அடைக்கும் அளவில். கீழே கோபப்பட ஒரு சிவப்பு முகம், சிரிக்க ஒரு மஞ்சள் முகம். இதிலிருந்து யாராவது ஸ்கிரீன்சொட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அந்தச் சாம்பல் எழுத்தும் வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுவது சொல்லும் படமும் மட்டும். சொன்னவர் இல்லை, திகதி இல்லை.

இது யாருக்கு விளங்காவிட்டாலும் முஸ்லிம்களுக்கு விளங்க வேண்டும். ஹதீஸ் கலையின் முதுகெலும்பே இஸ்னாத். இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசை. ஒரு சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும், வரிசை அறுந்திருந்தால் இமாம்கள் அதை ஸஹீஹ் என்று எடுக்கவில்லை. ஹதீஸ் நூலின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதலில் பெயர்கள் வரும், பிறகுதான் சொல் வரும். அதுவும் ஒரு டிசைன்தான். வாசிப்பவன் சொல்லில் மயங்க முதல் சொன்னவரைப் பார்க்கட்டும் என்று செய்த ஏற்பாடு. பேஸ்புக் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. மத்ன் பெரிதாக முன்னால், இஸ்னாத் சாம்பல் நிறத்தில் மூலையில். சூறத்துல் ஹுஜுறாத்தின் 6ஆம் வசனம் செய்தி கொண்டுவந்தவர் யாரென்று பார்த்து விசாரிக்கச் சொல்கிறது. ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! வந்தவர் யாரென்றே தெரியாதபடி அமைத்த பக்கத்தில் எப்படி விசாரிப்பது?

வரிசை அறுந்த செய்தி மூளைக்குள் என்ன செய்யும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். உண்மையும் பொய்யும் கலந்த கூற்றுகளை இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை மாணவர்களிடம் கொடுத்து, எது உண்மையாக இருக்கும் என்று புள்ளி போடச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்த கூற்றுகளுக்கு, அவை பொய்யாக இருந்தாலும், தடவைக்குத் தடவை புள்ளி கூடியது. பழகிய சொல் உண்மைபோல் தோன்றுகிறது. எங்கே கேட்டோம் என்பது மறந்துவிடும், கேட்டது மட்டும் நிற்கும். என் வகுப்புப் பிள்ளைக்கு நடந்தது இதுதான்.

இது ஞாபகத்தின் கதை. இனி உணர்ச்சியின் கதை.

2012 ஜனவரியில் ஒரு வாரம், பேஸ்புக் 689,003 பேரை அவர்களுக்கே தெரியாமல் பரிசோதனைக்கு எடுத்தது. சிலரின் திரையில் சந்தோசமான பதிவுகளைக் குறைத்தார்கள், சிலரின் திரையில் துக்கமான பதிவுகளைக் குறைத்தார்கள். சந்தோசம் குறைந்தவர்கள் தாங்களும் துக்கமான சொற்களைக் கொஞ்சம் கூடுதலாக எழுதினார்கள். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். மாற்றம் சிறியதுதான். ஆனால் எழுதியவர்கள் எவரும் ஓர் எழுத்தைக் கூட மாற்றவில்லை. எது கண்ணில் பட வேண்டும் என்ற ஒழுங்கை மட்டும் கம்பனி மாற்றியது. 2014இல் இந்த முடிவு அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தபோது உலகமே ஏசியது.

2016 பெப்ரவரியில் லைக்குக்குப் பக்கத்தில் அந்த முகங்கள் வந்தன. 2017இலிருந்து ஒவ்வொரு முகத்துக்கும், கோப முகம் உட்பட, லைக்கைப் போல ஐந்து மடங்கு பெறுமதி கொடுத்து, எந்தப் பதிவை மேலே தூக்குவது என்று கணக்குப் போட்டார்கள். பிரான்சிஸ் ஹோகன் என்ற முன்னாள் ஊழியர் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் இருந்து 2021இல் இது உலகத்துக்குத் தெரிந்தது. 2020 செப்டெம்பரில் கோப முகத்தின் பெறுமதியைப் பூச்சியமாக்கியதாகவும் அதே ஆவணங்கள் சொல்கின்றன. அதாவது அது செய்யும் வேலை அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இன்னொரு திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரி 11. கொமண்ட்டும் ஷெயாரும் அதிகம் வரும், ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுக்கப் போகிறோம் என்று மார்க் சுக்கர்பேர்க் அறிவித்த நாள். நல்ல நோக்கம் என்றுதான் சொன்னார். எதற்கு நாம் அதிகம் கொமண்ட் எழுதுகிறோம்? யோசித்துப் பாருங்கள். அம்பாறை நடந்தது அதிலிருந்து ஏழாவது கிழமை. அந்த அறிவிப்புத்தான் அம்பாறைக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் சாட்சியில்லை. ஆனால் கோபத்தை மேலே தூக்கும் கணக்கு ஓடிக்கொண்டிருந்த திரையில்தான், ஒரு பயந்த மனிதனின் தலையாட்டல் ஊர் ஊராகப் போனது.

"சேர், 1915 கலவரம் நடக்கும்போது பேஸ்புக் இருந்ததா? மனுசன்தான் காரணம்" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கவில்லை, உண்மை. மனிதன்தான் நெருப்பு வைக்கிறான், அதுவும் உண்மை. கடையை உடைத்த ஒருவனையும் டிசைன் என்று சொல்லி நான் தப்பவிட மாட்டேன். ஆனால் நாம் வயல் ஊர்க்காரர். அறுவடை முடிந்த வயலில் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பவன், கச்சான் காற்று வீசி அடிக்கிற நேரத்தில் வைப்பானா? வைத்தால் ஊர் என்ன சொல்லும்? நெருப்பு அவனுடையது, காற்று அல்லாஹ்வுடையது என்று சொல்லிவிட்டுப் போவோமா? இங்கே காற்று கூட ஒரு கம்பனியுடையது. கூட்டவும் குறைக்கவும் அவர்களிடம் விசை இருக்கிறது.

விசை இருக்கிறது என்பதற்கு அவர்களே சாட்சி. வாட்ஸ்அப் வதந்தியால் இந்தியாவில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, 2018இல் அங்கு ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாது என்று ஆக்கினார்கள். 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் வந்தது. 2020இல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்திகள் உலகளவில் 70 வீதம் குறைந்ததாகக் கம்பனியே சொன்னது. மனிதன் அதே மனிதன். ஒரு பொத்தானின் அளவை மாற்றினார்கள், அவ்வளவுதான். டிசைன் வெறும் சட்டை என்று சொன்ன தம்பிக்கு என் பதில் இந்த 70 வீதம்.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. பத்திரிகை பொய் சொல்லவில்லையா? அதில் பெயர் இருக்கிறது, திகதி இருக்கிறது, பக்க எண் இருக்கிறதே! சொன்னதுதான். 2019 மே மாதம் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மலடாக்கினார் என்று முன்பக்கத்தில் போட்டது திவயின பத்திரிகை. குருநாகல் வைத்தியர் ஷாபி சிறைக்குப் போனார், தொழிலை இழந்தார், கடைசியில் குற்றம் நிரூபிக்கப்படாமல் வேலைக்குத் திரும்பினார். அம்பாறையில் மாத்திரை என்றார்கள், ஒரு வருடம் கழித்துச் சத்திரசிகிச்சை என்றார்கள். முதல் பொய் பழகிப் போயிருந்ததால் இரண்டாவது பொய்க்கு வழி லேசாக இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். திவயின சொன்னதை இன்றைக்கும் திகதியோடு எடுத்து, நீ சொன்னாய் என்று விரல் நீட்ட முடிகிறது. அம்பாறை வீடியோவை முதலில் போட்டவரிலிருந்து உங்கள் சாச்சாவின் போன் வரை வந்த வரிசையை யாரால் சொல்ல முடியும்? இஸ்னாத் பொய்யனைத் தடுக்காது. பொய்யனை அடையாளம் காட்டும். அதுவும் இல்லாத இடத்தில் நீதிமன்றத்துக்கும் வேலையில்லை, வரலாற்றுக்கும் வேலையில்லை.

இனி சொல்லப்போவது நம்மைப் பற்றி. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், ஆனால் சிவப்பு முகத்தை அமத்த முதல் வாசித்து முடியுங்கள்.

என் வகுப்புப் பிள்ளைக்கு மாத்திரைக் கதையைச் சொல்லிக் கொடுத்தது யார்? சிங்களப் பேஸ்புக் பக்கங்களை அவன் வாசிப்பதில்லை, அவனுக்குச் சிங்களம் அவ்வளவு ஓடாது. நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். 2018இல் மறுப்பு எழுதிய நாம்தான். நானும்தான். ஒவ்வொரு பெப்ரவரியும் "இதே நாளில்" என்று நான் அன்று எழுதிய பதிவைப் பேஸ்புக் என் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. போன தடவை நிதானமாக வாசித்துப் பார்த்தேன். தலைப்பில் "மலட்டு மாத்திரை" என்று கொட்டை எழுத்து. உடைந்த கடையின் படம். எட்டு ஆச்சரியக்குறி. ஏழு பந்தி கோபம். "இது பொய்" என்ற சொல் ஆறாவது பந்தியில். பகுப்பாய்வாளர் அறிக்கை வந்தபோது நான் அதை எழுதவேயில்லை. கோபம் ஆறியிருந்தது, பேஸ்புக்கும் முடங்கிக் கிடந்திருந்தது, பிறகு வேறு பிரச்சினை வந்துவிட்டது. அந்தத் திரை கேட்டதைத்தான் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பொய்யின் பெயரை இன்னொரு ஆயிரம் கண்ணுக்குள் பதித்திருக்கிறேன்.

நமது நியாயங்களையும் இந்தத் திரை இப்படித்தான் தின்கிறது. 2016 ஒக்டோபர் இறுதியில் நமது மாணிக்கமடு மாயக்கல்லி மலையில் புத்தர் சிலை வைக்கப்பட்டபோது இந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை பதிவு எழுதினோம்! காணி விபரம், கூட்டத்தில் யார் என்ன சொன்னார், யார் கையெழுத்துப் போட்டார் எல்லாம் பேஸ்புக்கில்தான். இன்றைக்கு ஒரு மாணவி அதைப் பற்றி ஒப்படை எழுத வேண்டும் என்று வந்தால் எதைக் கொடுப்பேன்? சிலர் கணக்கை மூடிவிட்டார்கள், சிலர் மௌத்தாகிவிட்டார்கள், மிச்சம் அடியில்லாத கிணற்றில் எங்கோ கிடக்கிறது. 1882இல் சித்திலெப்பை மரைக்கார் தொடங்கிய முஸ்லிம் நேசனை இன்றும் ஆண்டும் திகதியும் சொல்லி ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். 2016இல் நாம் எழுதியதை நாமே எடுத்துக் காட்ட முடியவில்லை. நூற்று முப்பது வருடத்துக்கு முந்தியவர்களுக்கு இருந்த முகவரி நமக்கு இல்லை.

எல்லா இணையப் பக்கமும் இப்படியென்று நான் சொல்லவில்லை. 2005இலிருந்து இயங்கும் நூலகம் தளத்தைப் போய்ப் பாருங்கள். பார்க்க ஒரு பகட்டும் இல்லை. ஒரு புத்தகத்தைத் திறந்தால் அதற்கென்று ஒரு பக்கம். எழுதியவர், பதிப்பித்தவர், ஆண்டு, பக்க எண்ணிக்கை எல்லாம் முன்னால், பிறகுதான் புத்தகம். கோபப்பட ஒரு முகமும் இல்லை. நாளைக்குப் போனாலும் அதே இடத்தில் இருக்கும். இஸ்னாத் முதலில், மத்ன் பிறகு. நமது தமிழ் ஆட்கள்தான் செய்தார்கள். முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

பேஸ்புக் கம்பனி 2020 மே மாதம், 2018 வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. நல்லது. கடைக்காரருக்கு அதனால் என்ன கிடைத்தது? பொய் போன அதே வழியால், அதே பருமனில், அதே ஆட்களின் திரைக்கு "அது மாக்கட்டி" என்ற செய்தியை அனுப்பியிருந்தால் அது மன்னிப்பு. பொய்யைக் கண்டவர்களின் பட்டியல் அவர்களிடம்தானே இருந்தது! அரசாங்கம் ஒரு கிழமை முடக்கி வைத்ததும் தீர்வில்லை. பொய் ஏற்கனவே ஊர் சுற்றி முடிந்திருந்தது, முடங்கியது நமது மறுப்பும்தான்.

"இவ்வளவும் சொல்லிட்டு நீங்களும் இதிலதானே எழுதுறீங்க சேர்?" ஆம். சந்தை இங்கேதான் கூடுகிறது, நான் வேறெங்கே போய்க் கூப்பிடுவது? ஆனால் எழுதும் விதத்தை மாற்றலாம். நான் தொடங்கிவிட்டேன். உங்களிடமும் கேட்கிறேன்.

பதிவின் முதல் வரியில் திகதியையும் ஊரையும் கையால் எழுதுங்கள். சாம்பல் எழுத்தை நம்பாதீர்கள். அது வெட்டுப்பட்டுப் போகும், நீங்கள் எழுதியது போகாது. யார் சொன்னார், நீங்கள் எப்படி அறிந்தீர்கள் என்பதை விசயத்துக்கு முதலே எழுதுங்கள். பெயரும் திகதியும் தெரியாத ஸ்கிரீன்சொட்டை, அது நமக்குச் சாதகமாக இருந்தாலும், அனுப்பாதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நமது குரூப்புகளில் நாமே நமக்குள் பரப்பிய கதைகளில் எத்தனை உண்மை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

மறுப்பு எழுதும்போது உண்மையால் தொடங்குங்கள். "மலட்டு மாத்திரை பொய்" என்று தலைப்பிட்டால் நாலு மாதத்தில் "பொய்" உதிர்ந்துவிடும், மாத்திரை நிற்கும். "சோதனையில் கண்டது மாக்கட்டி" என்று தொடங்குங்கள்.

ஊர் சம்பந்தமான விசயம் எதையும் பேஸ்புக்கில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது பள்ளிவாசல் நிர்வாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் பாடசாலைகளும் சேர்ந்து அந்த வருடத்தில் எழுதப்பட்டவற்றில் வேண்டியதைத் தாளில் அச்சடித்து வையுங்கள். பத்துப் பிரதி போதும். ஒன்றை வாசிகசாலைக்கு, ஒன்றை நூலகத்துக்கு அனுப்புங்கள். இதற்குக் காசு பெரிதாகப் போகாது. மாயக்கல்லி பற்றி உங்கள் போனில் பழைய படமோ கடிதமோ இருந்தால், திகதியோடு எனக்குத் தாருங்கள். அதில் இருந்தே தொடங்குவோம்.

ஆசிரியர்களே, பிள்ளைகளுக்குப் பந்தி வாசித்து விளங்கிக்கொள்ளக் கற்றுக் கொடுக்கிறோம். திரையை வாசிக்கக் கற்றுக் கொடுப்பதில்லை. எது பெரிதாக இருக்கிறது, எது சிறிதாக இருக்கிறது, ஏன் என்று ஒரு பாடவேளை பேசுங்கள்.

அன்று அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். கரும்பலகையில் நடுவால் ஒரு கோடு போட்டேன். ஒரு பக்கம் "யார் சொன்னார்?" என்றும் மறுபக்கம் "என்ன சொன்னார்?" என்றும் எழுதினேன். மாத்திரைக்கு நேரே "சாப்பிட வந்த ஒருவர், கூடி நின்றவர்கள், பிறகு பெயர் தெரியாதவர்கள்" என்று பிள்ளைகளே சொன்னார்கள். மாக்கட்டிக்கு நேரே நான் "அரச பகுப்பாய்வாளர், 2018" என்று எழுதினேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத ஏன் சேர் ஒருத்தரும் இவ்வளவு நாளாச் சொல்லல்ல?" என்று கேட்டான்.

அதற்கு என்னிடம் பதிலிருக்கவில்லை. இந்தப் பதிவு அவனுக்குத்தான். பிழையிருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஷெயார் பண்ணுபவர்கள் ஸ்கிரீன்சொட் எடுக்காமல், என் பெயரோடும் திகதியோடும் பண்ணுங்கள்.

வஸ்ஸலாம்.